கெட்டா வில்லை ஏன் உதிர்வதில்லை?

அமெரிக்காவில், ஓஹாயோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி என்னும் நகரம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் அங்கே திரளாகக் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த பகுதிக்கும் நகரின் நடுப்பகுதிக்கும் இடையே ஓடிய கால்வாயை ரைன் நதியாகப் பாவித்து, அப்பகுதியையே ‘ரைனுக்கு அப்பால்’ என்று அழைத்தனர். பன்றியிறைச்சித் தொழில் அந்நகரில் கொழித்திருந்த காலம் அது. சிறிதளவு இறைச்சியைக் காடைக்கண்ணி அரிசியுடன் (ஓட்ஸ்) வேகவைத்துப் பலருக்கும் எட்டச் செய்த சிக்கன உணவுதான் ‘கெட்டா’. பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம்; கெட்டுப்போனது என்று பொருளன்று! குடலுறையில் அடைக்காத ஒருவகை சாசேஜ் அது; வில்லைகளாக அறுத்துப் பொரித்து உண்பார்கள்.

வீட்டில் செய்ய 2 லிட்டர் நீரில் 400 கிராம் ஓட்ஸ், உப்பு, மிளகுத்தூள், இரண்டு பிரிஞ்சி இலை இட்டு, மூடி, சிறுதீயில் 2 மணி நேரம் வேகவிடுங்கள். அடிக்கடி கிளறுவது அவசியம். பிறகு கொத்திய பன்றியிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வொன்றும் 450 கிராம், நறுக்கிய வெங்காயம் ஒன்று சேர்த்து மேலும் 1 மணி நேரம் வேகவையுங்கள். கரண்டி ஏறத்தாழ நட்டபடி நிற்க வேண்டும். ஓட்ஸ் தட்டையாக நசுக்கப்பட்டதாக இருக்கக்கூடாது. இரும்புக் கத்தியால் வெட்டிய குருணையே வேண்டும். அவல் போன்ற தட்டை ஓட்ஸ் குழைந்து, வில்லையின் கடிபதத்தைக் கெடுத்துவிடும்.

மூன்று மணி நேரம் எதற்கு? காடைக்கண்ணியின் மாப்பொருள் மணிகள் சுமார் 60° செ. அளவிலேயே நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. ஆனால் குருணையின் நடுப்பகுதிவரை நீர் ஊறிச் செல்ல நேரம் பிடிக்கிறது. மணிகள் உப்பும்போது அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியேறி நீரில் கலக்கின்றன. குளிரும்போது இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோலாகி, நீரைத் தம்முள் சிறைப்படுத்துகின்றன. ஆறிய கஞ்சி கட்டியாக இறுகுவதும் இதனால்தான்.

இறைச்சியிலிருந்து கரையும் ஜெலாட்டினும் குளிரில் இறுகும். ஆனால் அதை நம்பிப் பயனில்லை. சுமார் 35° செ. அளவிலேயே அது உருகிவிடும். அமைலோஸ் வலையோ 100° செ. வெப்பத்திலும் எளிதில் குலைவதில்லை. சூடான கல்லில் வில்லையைத் தாங்கி நிற்பது இதுவே.

இனிக் குளிரவைத்தல். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கொதிநீரிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் சில இறைச்சியில் இருக்கக்கூடும். கெட்டா மெல்ல ஆறினால், 45° செ. சுற்றுவட்டாரத்தில் அவை முளைத்து வெகுவேகமாகப் பெருகும், வயிற்றுப்போக்கு வரும். ஆகவே 57° செ. அளவிலிருந்து 21° செ. வரை 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5° செ. வரை அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி.

வெப்பக் கடத்தல் பாடத்தில் நான் மாணவர்களிடம் கேட்பதுண்டு: “பாத்திரத்தில் 5 செ.மீ. உயரம் ஊற்றியது ஆறும் நேரத்தைப்போல் 10 செ.மீ. ஊற்றியதற்கு எத்தனை மடங்கு?” இரண்டு என்பார்கள். வெளிப்பரப்பு குளிர்ந்தே இருக்குமானால், நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எனவே நான்கு மடங்கு! ஆகவே ஆழமான பாத்திரத்தை விட்டு, அகன்ற தட்டில் 5 செ.மீ.க்கு மேற்படாமல் ஊற்றுங்கள். தட்டின் அடிப்பாகத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து ஆற்றிய பின் குளிர்பெட்டியில் இரவு முழுதும் வைத்துவிடுங்கள். காற்றைவிட நீர் வெப்பத்தை விரைந்து கவரும்.

மறுநாள் 1 செ.மீ. தடிப்பில் அறுத்து, மிதமான தீயில் தோசைக்கல்லிலோ வாணலியிலோ இடுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள்! மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அதன் வெப்பநிலை 100° செ. தாண்டாது. ஈரம் வற்றி 140° செ. அளவை எட்டியதும், 1912இல் பிரெஞ்சு வேதியியலார் மெயிலார்டு விவரித்த வினை வேகமெடுக்கிறது. புரதமும் சர்க்கரையும் இணைந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. மொரமொரப்பான ஓடும் உருவாகிறது. ஓடு உருவாகுமுன் புரட்டினால் பாதி கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். விளிம்பு பழுத்ததும் ஒருமுறை புரட்டினால் போதும். சின்சினாட்டியில் இதைக் காலையில் முட்டையுடன் உண்கிறார்கள். தக்காளிச் சாறா, இனிப்புப் பாகா என்ற வழக்கு மட்டும் அங்கே இன்னும் தீரவில்லை.