குனோங் பூலாய் அருவிப் பாதை: நீர் கலங்கினால் உடனே மேடேறுங்கள்

ஜொகூர் பாரு வட்டாரத்தில் மலையேறுவோர் பலருக்குப் பழக்கமான இடம், பொந்தியான் மாவட்டத்தில் உள்ள குனோங் பூலாய். உயரம் 654 மீட்டர்தான். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும் உச்சிவரை தார்ச்சாலை போகிறது. ஆனாலும் இளைஞர்களுக்குப் பிடித்தது அருவியை ஒட்டி ஏறும் செங்குத்தான காட்டுப்பாதைதான். வேரையும் கயிற்றையும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு.

அங்கே வழுக்குப் பாறையைவிட அதிகம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே பெய்த மழையோ சரிவில் ஒன்றுதிரண்டு சில நிமிடங்களில் இறங்கிவிடும். மலாய்க்காரர்கள் இதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். பை போனால் போகட்டும்.

2001 டிசம்பர் இறுதியில் வாமெய் புயல் கொட்டிய மழையில் இதே மலையில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆண்டிறுதி மழைக்காலத்தில் அருவிப் பாதையைத் தவிர்ப்பது நல்லது. மற்ற நாள்களிலும் அருவி வழியே ஏறி, தார்ச்சாலை வழியே இறங்குங்கள். முட்டி வலிக்கும்தான், ஈரப்பாறையில் சறுக்குவதற்கு அது மேல். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.