ஆர்க்டிக் புகைமூட்டம்

ஆர்க்டிக் புகைமூட்டம் என்பது குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்த காலத்திலும் வடதுருவ வானில் பரவும் மங்கலான மூட்டம் ஆகும். 1950களில் அலாஸ்காவுக்கு வடக்கே பறந்த அமெரிக்க வானிலை விமானிகள் இதைக் கவனித்தனர். தொழிற்சாலைகள் அரிதான பனிவெளியில் இது எப்படி வந்தது?

1970களில் கென்னத் ரான், கிளென் ஷா ஆகியோர் அங்குள்ள காற்றுத் துகள்களை ஆராய்ந்தனர். எரிஎண்ணெய் எரியும்போது வெளிவரும் வனேடியம் அவற்றில் இருந்தது. ஐரோப்பிய, ஆசியத் தொழில் நகரங்களின் மாசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்திருப்பது பின்னர் தெளிவாயிற்று. குளிர்காலத்தில் மழையும் பனிப்பொழிவும் குறைவாதலால், சல்பேட்டும் கரித்துகளும் வாரக்கணக்கில் காற்றிலேயே தங்குகின்றன. பனிமீது படியும் கரி வெயிலை உறிஞ்சி, பனி உருகுவதை விரைவுபடுத்துகிறது.

1990களில் தொழிற்சாலைகளின் கந்தக வெளியேற்றம் குறைந்தபோது, ஆர்க்டிக் காற்றில் சல்பேட்டின் அளவும் குறைந்தது.