உங்களுக்குத் தெரியுமா? திருத்தணியில் பிறந்தவரும் 1963இன் வாஷிங்டனும்

திருத்தணியில் 1888இல் பிறந்த குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனை, 1963 ஜூன் 3 அன்று அதிபர் கென்னடி வாஷிங்டனில் வரவேற்றபோது, கறுப்பின மக்களைப் பள்ளியிலும் உணவகத்திலும் வெள்ளையரிடமிருந்து பிரித்துவைத்த இன ஒதுக்கல் முறையை எதிர்த்து அமெரிக்கா கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அலபாமாவின் பர்மிங்காமில், ஊர்வலம் சென்ற சிறுவர்கள்மீதுகூடக் காவல்துறை நாய்களும் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சும் ஏவப்பட்டிருந்தன, மன்னிக்கவியலாத கொடுமை அது. ஜூன் 11 இரவு தொலைக்காட்சியில் பேசிய கென்னடி, இன ஒதுக்கலை அறம் சார்ந்த சிக்கல் என்றே எடுத்துரைத்துச் சட்டம் கோரினார். நவம்பர் 22 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின், பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தில், 1964 ஜூலை 2 அன்று அடுத்த அதிபரான லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார்.