நூல் நிலையத்தை அளக்கும் மூன்று விடைகள்

பல்கலைக் கழக நூல் நிலையத்தின் பெருமையைக் கூறுவோர், நூல்கள் இத்தனை இலட்சம், இருக்கைகள் இத்தனை நூறு என்று கணக்குக் காட்டுவது நெடுநாளைய வழக்கம். தேடி வந்த மாணவன் வேண்டிய நூலைப் பெற்றானா, வெறுங்கையுடன் திரும்பினானா என்பதை அக்கணக்குச் சொல்லாது. "நூல் நிலையம் நன்றாக இருக்கிறதா?" என்று அவனையே கேட்டாலோ, முகதாட்சணியத்துக்காக 'நன்று' என்று சொல்லிப் போய்விடுவான்.

இக்குறையை நீக்க, வட அமெரிக்காவின் ஆராய்ச்சி நூலகச் சங்கமும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகமும் கூடி, 2000-ஆம் ஆண்டில் 'லிப்குவால்' என்னும் முறையைத் தொடங்கின. வாணிபத் துறைக்கென்று பரசுராமன், சைதாமல், பெரி ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து பிறந்தது இது. முதன்மையான வினாக்கள் 22. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரையில் மூன்று எண்கள் இடவேண்டும்: பொறுத்துக்கொள்ளக் கூடிய கீழ்மட்டம், விரும்பும் மட்டம், இப்பொழுது கிடைக்கும் மட்டம்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பணியாளரின் பரிவு, படிக்கும் இடத்தின் அமைதி ஆகிய இரண்டிலும் தனக்குக் கிடைப்பது 6 என்கிறான் ஒரு மாணவன். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் பரிவுக்கு அவன் குறித்த கீழ்மட்டம் 4, அமைதிக்கோ 7. முன்னதில் அவனுக்குக் குறையில்லை. பின்னதில் பொறுமையின் எல்லையைத் தாண்டிவிட்டான். பணத்தை எங்கே செலவிடுவது என்று நூலகர் இனித் தடுமாற வேண்டியதில்லை. தேர்வுத் தாளில் ஒரே எண் பெற்ற இரு பிள்ளைகளை ஒரே தரமென்று கொள்ளும் ஆசிரியரும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

எண்களினும், மனம்போல் எழுத விடப்பட்டுள்ள கட்டத்தையே நான் பெரிதும் மதிப்பேன். அமைதி போதாதென்று எண் காட்டும்; எந்த மாடியில், எந்த வேளையில் என்பதை அக்கட்டமே கூறும். நூல் நிலையத்தின் படியேறாதவர்களின் குரல் மட்டும் இதிலும் எளிதில் வந்து சேராது. அவர்களைத் தேடிச் சென்றுதான் கேட்கவேண்டும்.