மருந்து கெட்டித்தல் – துப்பாக்கி சுடும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு விளக்கம்

ஹைதராபாத்தில் அபிட்ஸ் பக்கம் போய்வரும் நம்மவர்களுக்கு ‘கன் ஃபவுண்டரி’ என்ற பெயர் நன்கு பழக்கம். பெயர் வெறும் பெயரல்ல. 1786-ஆம் ஆண்டு இரண்டாம் ஆசப் ஜா நிஜாம் அலி கானிடம் பணிபுரிந்த ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை ஒன்றை அமைத்தார். உருதுவில் ‘தோப் கா சாஞ்சா’, அதாவது பீரங்கி அச்சு. இந்த ரேமண்ட் முதன்முதலில் இந்தியாவில் கால் வைத்தது நம்ம புதுச்சேரியில், 1775-இல். அங்கிருந்து சுற்றிச் சுழன்று ஹைதராபாத் வந்து, ‘மூசா ராம்’ என்று ஊர் ஜனங்கள் அழைக்கும் அளவுக்குப் பிரபலமாகி 1798-இல் மறைந்தார். மூசாரம்பாக் என்ற பேட்டையின் பெயரில் இன்னும் இருக்கிறார்.

பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். வெடிமருந்து, குண்டு இவற்றைச் செய்வது அரசனின் அனுமதியோடு, அரசனின் கண் எதிரே, தனிப்பட்ட ஒரு கட்டடத்தில் நடக்க வேண்டிய காரியம் என்று அன்றைக்கே வைத்திருந்தார்கள். அது ஏன் என்பதற்கான காரணங்கள் இன்றும் மாறவில்லை. நம் குடும்பங்களில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்ட நிலையில், இதைப் பற்றி விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

ஹைதராபாத் இந்த விளையாட்டுக்குப் பேர்போன ஊர். 2002-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தபோது, கச்சிபௌலியில் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் சுடுதளம் அமைந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்ற ககன் நாரங் இந்த ஊரில் வளர்ந்தவர், பிறந்தது சென்னையில். 2005-இல் பிறந்த ஈஷா சிங், பதின்மூன்று வயதிலேயே தேசியப் பட்டம் வென்றவர். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஒரு தங்கமும் மூன்று வெள்ளியும் கொண்டுவந்தார். வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பெண். இவர்களையெல்லாம் டி.வி.யில் பார்த்துவிட்டு, “அப்பா, நானும் சேரணும்” என்று பிள்ளை கேட்டால் எந்தத் தகப்பனார்தான் மறுப்பார்? சேர்த்துவிட்ட பிறகுதான் கணக்கு புரியும்.

கணக்கைப் பார்ப்போம். பெண்களுக்கான இருபத்தைந்து மீட்டர் பிஸ்டல் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 60 சுடுதல். அதற்கு முன் குறி பார்த்துச் சரிசெய்துகொள்ள 10. பயிற்சியில் ஒரு நாளைக்கு நூறு என்று வைத்துக்கொண்டாலும், மாதம் இருபத்தைந்து நாளைக்கு 2,500 தோட்டா. ஒரு தோட்டா பத்து ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 25,000 ரூபாய். விலையில் ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் மாதம் 2,500 வித்தியாசம். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மத்தியதரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மைத்துனரோ சித்தப்பா பையனோ போன் செய்கிறார். “இங்கெல்லாம் சுட்ட தோட்டாவின் கூட்டைப் பொறுக்கி, வீட்டு கராஜிலேயே மறுபடி மருந்து கெட்டிச்சுக்கறாங்க. பாதி விலைக்கு முடிஞ்சுடுது. ஒரு பிரஸ் வாங்கி அனுப்பட்டுமா?” என்கிறார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அந்த யோசனையை இங்கே ஏற்கக் கூடாது. சட்டம் ஒரு காரணம். அதைவிட முன்னால் நிற்கும் காரணம், நம் பிள்ளைகள் சுடும் தோட்டாவே அதற்கு இடம் கொடுக்காது என்பது.

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் சிறு பற்றவைப்பான், உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு கேப் தெரியுமல்லவா? பற்றவைப்பான் செய்யும் வேலை அதுதான், வீரியம் மட்டும் வேறு. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்ட, பொறி மருந்தைப் பற்றவைக்க, மருந்து வாயுவாகி ஈயத்தை வெளியே தள்ளுகிறது. இந்த மருந்து பழைய கரிமருந்து அல்ல. 1884-இல் பிரான்ஸில் பால் வியேல் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் வாரிசு. நம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை இந்த வகை மருந்துக்காகவே வந்ததுதான். ஊட்டி ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் அது என்ன என்று விசாரித்தோமோ தெரியாது!

சுட்டபின் மருந்து எரிந்துபோகும், குண்டு போய்விடும், பற்றவைப்பான் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. தோட்டாவின் விலையில் கணிசமான பங்கு அந்தக் கூட்டுக்குத்தான். அதை மறுபடி பயன்படுத்தினால் மிச்சம் என்பதே மறுகெட்டிப்பின் பொருளாதாரம். தர்க்கம் சரிதான். ஆனால் அதற்குப் பற்றவைப்பான் அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். ஈஷா சிங் சுடும் இருபத்தைந்து மீட்டர் பிஸ்டல் போட்டியிலும், ஆண்களின் விரைவுச் சுடுதல் போட்டியிலும் பயன்படுவது .22 தோட்டா. அதில் பற்றவைக்கும் பொருள் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசியிருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஒருமுறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். அமெரிக்காவிலும் .22-ஐப் பெரும்பாலும் யாரும் மறுகெட்டிப்புக்கு எடுப்பதில்லை. மைத்துனர் அனுப்பும் பிரஸ், நம் வீட்டுப் பெண் சுடும் தோட்டாவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

நடுவில் பற்றவைப்பான் உள்ள .32 தோட்டாவைப் பயன்படுத்தும் போட்டி ஒன்று உண்டு. ஆண்களின் ‘சென்டர் ஃபயர்’ பிஸ்டல். ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டில் இருந்திருக்கிறது. 2006 தோஹாவில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தாரே, அது இந்தப் பிரிவில்தான். மேல்நாட்டில் இந்தப் பிரிவுக்காரர்கள் பலர் தாங்களே கெட்டித்துக்கொள்கிறார்கள், காசுக்காக மட்டுமல்ல, ஒரே சீரான தோட்டா கிடைக்கும் என்பதற்காகவும். அதிலும் ஒரு வேடிக்கை. பற்றவைப்பானில் பாக்ஸர் முறை, பெர்டன் முறை என்று இரண்டு. பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. பெர்டன் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவில் நிலைத்தது. பாக்ஸர் கூட்டில் நடுவே ஒரே துளை, பழையதைத் தள்ளுவது சுலபம். பெர்டன் கூட்டில் அது பெரும்பாடு. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சட்டம். இது பலருக்கும் தெரியாத பகுதி என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ‘வெடிபொருள் தோட்டா’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் முழுத் தோட்டா மட்டும் இல்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அதில் அடக்கம். ஐந்தாம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டாவைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்றாலும் தயாரிப்பு தயாரிப்புதான். பத்தாம் பிரிவின்படி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் உரிமம் வேண்டும். பிஸ்டல் வைத்துக்கொள்ளக் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கொடுத்த உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. “லைசென்ஸ்தான் இருக்கே” என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்தைத் தனியாக வாங்கி வைப்பதென்றால் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் வந்து சேரும்.

தண்டனை? 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்கு முன், உரிமமற்ற தயாரிப்புக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். மாதம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், காலேஜில் சேர வேண்டிய பிள்ளையின் தகப்பனார் ஏழாண்டு உள்ளே இருக்கும் கணக்கு இது. பாஸ்போர்ட், அரசு வேலை, வெளிநாட்டு விசா எல்லாவற்றுக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டியிருக்கும் காலத்தில், ஒரு வழக்கு பதிவானாலே போதும்.

“சுட்ட கூட்டை நினைவுக்காக ஷோகேஸில் வைத்தால்கூடக் குற்றமா?” என்று கேட்கலாம். அதற்கு நாற்பத்தைந்தாம் பிரிவு ஒரு வழி விடுகிறது: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்குச் சட்டம் பொருந்தாது. ஆக, ஒரே பித்தளைக் கூடு, அலமாரியில் இருந்தால் ஞாபகப் பொருள். பக்கத்தில் பிரஸும் மருந்தும் இருந்தால் தோட்டாவின் பாகம். நோக்கம்தான் அதை மாற்றுகிறது. உச்ச நீதிமன்றமும் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில், வைத்திருப்பது என்றால் தெரிந்து வைத்திருப்பதுதான் என்ற கருத்தை நிலைநிறுத்தியது. இருந்தாலும் விமான நிலைய ஸ்கேனரில் பையின் மூலையில் கிடந்த ஒரு தோட்டா தெரிந்து, நோக்கத்தை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைவானேன்? சுடுதளத்திலிருந்து வந்ததும் பிள்ளையின் பையைக் கவிழ்த்து உதறிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அந்தப் பையையே எடுக்காதீர்கள். பற்றவைப்பான், மருந்து இரண்டையும் பயணிகளின் பெட்டியில் கொண்டுவர விமான விதிகளே அனுமதிப்பதில்லை என்பதையும் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் கெட்டிக்க மத்திய உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பற்றவைப்பான் வாங்கவே சான்று காட்ட வேண்டும். நாட்டுக்கு நாடு வேறு. நம் நாட்டிலும் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் தாங்களே மருந்து இடுகிறார்கள். அது அந்தத் துப்பாக்கியின் அமைப்பு. அதற்கான உரிம ஏற்பாடும் தனி. அதைக் காட்டி பிஸ்டல் தோட்டாவுக்கு வாதாட முடியாது.

சட்டம் அனுமதித்தால்கூட அப்பார்ட்மென்ட் வீட்டில் இது செய்யத் தக்க வேலையா என்பது இன்னொரு கேள்வி. பிஸ்டல் மருந்து வேகமாக எரிவது. கூட்டில் பாதிகூட நிறையாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். சுடும்போது கையிலேயே துப்பாக்கி பிளக்கும். மருந்து விழாமல் போனால் குண்டு குழலுக்குள் சிக்கும். அடுத்த சுடுதலில் அதே கதி. பற்றவைப்பானில் இருப்பது ஈயக் கலவை. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது அந்த ஈயத் தூசு தரையில் படியும், தவழும் குழந்தையின் கைக்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். சிவகாசிப் பக்கத்து உறவினர் இருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வைத்து மருந்து அடைத்த குடும்பங்களின் கதை அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் செலவைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான்.

முதலில் காற்று பிஸ்டல். பத்து மீட்டர், 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட், மருந்தே கிடையாது. பெல்லட்டின் விலை தோட்டா விலையில் ஒரு சிறு பங்கு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் குறிப்பிடும் ஆற்றல் வரம்புக்குள் இருந்தால் அதற்கு ஆயுத உரிமம் தேவையில்லை. இருபத்தொரு வயது நிறையாதவர் தோட்டாத் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது என்பதால், பெரும்பாலான பிள்ளைகள் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஈஷா சிங்கும் தேசியப் பட்டத்தை முதலில் வென்றது காற்று பிஸ்டலில்தான். பெல்லட்டும் ஈயம் என்பதால், சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைத் தொடவிடாதீர்கள்.

இரண்டாவது, வெறும் விசைப் பயிற்சி. தோட்டாவோ பெல்லட்டோ இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, குறி அசையாமல் விசையை அழுத்திப் பழகுவது. பெரிய வீரர்கள் பயிற்சியில் பெரும் பகுதியை இதற்கே ஒதுக்குகிறார்கள். செலவு பூஜ்யம். காற்று பிஸ்டலில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. .22 பிஸ்டலில் மட்டும் அப்படியே அழுத்தக் கூடாது. ஊசி அறையின் விளிம்பை அடித்துக் கெடுத்துவிடும். அதற்கான போலித் தோட்டாவைப் போட்டு, பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

மூன்றாவது, சங்கம். 1951-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தோடு இணைந்த மாநிலச் சங்கங்கள், கிளப்புகள் வழியாகப் போட்டித் தோட்டா வாங்கலாம். தேசியப் போட்டியில் குறிப்பிட்ட புள்ளியை எட்டிய வீரர்களுக்கு ‘ரினௌண்ட் ஷாட்’ என்ற தகுதி கிடைக்கிறது. அவர்களுக்கு இறக்குமதிக்கும் தோட்டா அளவுக்கும் சலுகைகள் உண்டு. அதற்கு வேண்டியது போட்டிச் சான்றிதழ்களின் அசல். மாவட்ட அளவில் பிள்ளை சுட்ட முதல் போட்டியிலிருந்தே ஸ்கோர் ஷீட்டை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பெயரின் இனிஷியல் ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். தமிழர் பெயரில் அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் இந்த ஊர் அலுவலகங்களில் தீர்ந்தபாடில்லை. சான்றிதழில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி இருந்தால் காகிதம் திரும்பி வந்துவிடும்.