சோலையும் சோறும்



பௌத்த விகாரை என்றதும் நம் நாட்டவரின் மனக்கண்முன் தோன்றுபவை வெண்ணிறத் தாதுகோபமும் வெள்ளரசு மரமுமே. யப்பானிய விகாரைகள் பலவற்றிலோ, காண வருவோரை முதலில் ஈர்ப்பது தோட்டமாகும். கியோத்தோ நகரின் மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள தென்ரியூஜி என்னும் ஸென் விகாரையில் ஒரு நண்பகலைக் கழிக்கும் பேறு எனக்கு ஒருமுறை வாய்த்தது. அங்குக் கண்ட சோலையையும் உண்ட சோற்றையும் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

பெரிய மண்டபத்தின் விறாந்தையில் அமர்ந்தால், வெண்மணற் பரப்பும் அதனை அடுத்து ஒரு குளமும் தெரியும். அக்கரையில் கற்களை அடுக்கியே ஓர் அருவியைச் சமைத்திருக்கின்றனர். அதற்கும் அப்பால் அராஷியாமா மலை எழுந்து நிற்கின்றது. மலை விகாரையின் சொத்தன்று. ஆயினும் தோட்டத்தின் ஒரு பகுதியாகவே காட்சி தருகின்றது. இதனை யப்பானியர் 'இரவல் வாங்கிய காட்சி' என்பர். வேலியிட்டு உரிமை கொண்டாடாமல், உள்ளதை உள்ளவாறே கண்டு மகிழும் கலை இது.

இவ்விகாரை எழுந்த வரலாறு சிந்தனைக்குரியது. அஷிக்காகா தக்காவுஜி என்னும் படைத்தலைவன் தன் பேரரசர் கோ-தைகோவுக்கு எதிராகக் கிளர்ந்து அவரைத் தலைநகரினின்றும் அகற்றினான். 1339ஆம் ஆண்டில் பேரரசர் யோஷினோ மலைப்புறத்தில் காலமானார். முசோ சொசெகி என்ற துறவியின் அறிவுரைப்படி, தன்னால் துரத்தப்பட்டவரின் ஆன்ம சாந்திக்காகவே தக்காவுஜி இவ்விகாரையை நிறுவினான். எல்லாளனுக்குத் துட்டகைமுனு செய்த மரியாதையை அறிந்த நமக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடாமற் போகாது. முதல் தலைமைத் துறவியான முசோவே தோட்டத்தையும் அமைத்தார். கட்டடங்கள் எட்டு முறை பெருந்தீக்கு இரையாயின. 1864இல் மூண்ட போரிலும் எரிந்தன. தோட்டமோ அவர் வகுத்த வடிவை இன்றும் பெரிதும் காத்து நிற்கின்றது. 1994இல் இவ்விகாரை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இனி உணவுக்கு வருவோம். நம் நாட்டுப் பிக்குமார் அடியார் இடுவதை ஏற்று, நண்பகலுக்குமுன் உண்பர். சீனத்திலோ துறவிகள் மடங்களிற் பயிரிட்டுத் தாமே சமைக்கலாயினர். புலாலை அறவே விலக்கினர். அம்மரபே யப்பானுக்குச் சென்றது. உள்ளி, வெங்காயம் போன்ற கடுமணப் பொருள்களும் அதில் விலக்கப்பட்டவை.

தோட்டத்தினுள்ளேயே உள்ள உணவுச் சாலையில், பாய் விரித்த தரையில் அமர்ந்தோம். செவ்வரக்குப் பூசிய தட்டில் சிறு கிண்ணங்கள் வந்தன. சோறு, ஒரு சூப்பு, ஐந்து கறி வகைகள். சூப்பின் சுவைக்குக் கருவாடு இல்லை; கடற்பாசியும் உலர்ந்த காளானுமே அதற்கு ஆதாரம். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவுடன் கிண்டி உறையவிட்ட வெண்களி ஒன்று, நம் வீட்டு எள்ளுருண்டையை நினைவூட்டியது. காரமில்லை, தாளிதமில்லை. முதற் கவளத்தில் நம் நாக்கு ஏமாறும். மூன்றாவதில் பூசணிக்காய்க்கும் தனிச் சுவை உண்டென்று அறியும்.

இச்சமையலின் உட்பொருளைத் தோகென் என்னும் துறவி விளக்கியுள்ளார். 1223இல் சீனம் சென்ற அவர், காளான் வாங்கக் கப்பலுக்கு வந்த முதிய மடைத்துறவி ஒருவரைச் சந்தித்தார். "இம்முதுமையில் தியானத்தை விட்டு அடுப்படி வேலை ஏன்?" என்னும் கருத்துப்பட வினவினார். முதியவர் நகைத்து, தவம் இன்னதென இளைஞர் இன்னும் அறியவில்லை என்றாராம். அரிசி களைவதும் தவமே என்பதை உணர்ந்த தோகென், 1237இல் மடைத்தொழிலுக்கென்றே ஒரு நூல் இயற்றினார்.

ஸென் மடங்களில் துறவிகள் உண்டு முடித்ததும், ஊறுகாய்த் துண்டொன்றால் கிண்ணத்தைத் துடைத்து, வெந்நீர் வார்த்து அதனையும் பருகுவர். வள்ளுவர் உண்ணும்போது, சிந்திய பருக்கையை எடுத்துக் கழுவ வாசுகி அம்மையார் ஊசியும் நீரும் வைத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். சொல்லிய நாமே நம் விருந்துகளில் எறியப்படும் இலைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.

வெற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு மீண்டும் குளக்கரைக்கு வந்தேன். மலை அங்கேயே நின்றது.