மூடுபனியிலும் வறளும் மூச்சுக்குழாய்

உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா என்பது, கடுமையாக ஓடியதன் விளைவாக மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, காற்று செல்லும் வழி தற்காலிகமாகக் குறுகும் நிலையாகும். இதன் இருமலும் நெஞ்சிறுக்கமும் இழுப்பும் பெரும்பாலும் ஓட்டம் முடிந்த 5 முதல் 15 நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, ஒன்றரை மணி நேரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடுவதால், மருத்துவரைப் பார்க்கும் வேளையில் நோயின் அடையாளமே எஞ்சியிருப்பதில்லை.

இடுக்கி மாவட்டத்தில் குமுளியை அடுத்துள்ள சக்குபள்ளம் போன்ற ஏலமலை ஊர்களில், பனி மூடிய விடியலில் பயிற்சி செய்யும் கல்லூரி மாணவருக்கு இந்நோயின் மூலகாரணம் வறட்சி என்றால் நம்புவது கடினம். ஆனால் 15 டிகிரி வெப்பமுள்ள காற்று, ஈரத்தால் நிறைந்திருந்தாலும், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 கிராம் நீராவியையே கொள்ளும். அதுவே நுரையீரலை அடைந்து 37 டிகிரிக்குச் சூடேறுகையில் 44 கிராம் வரை ஏற்கும் என்பதால், குறைபடும் நீரை மூச்சுக்குழாயின் உட்படலம்தான் தந்தாக வேண்டும். வேகமாக ஓடுபவர் நிமிடத்துக்கு 100 லிட்டர் அளவுக்குக் காற்றை, அதுவும் வாய்வழியே, இழுக்கும்போது படலம் வறண்டு அதன் உப்புச்செறிவு உயர்கிறது. உடனே மாஸ்ட் செல்கள் எனப்படும் ஒவ்வாமை செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைச் சுரக்க, தசை இறுகுகிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் விறகுப்புகையும் இப்படலத்தை உறுத்தவல்லது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக வீரர்கள் 107 பேரைச் சோதித்து 2007-இல் வெளியான ஆய்வில் 42 பேருக்கு இக்குறுக்கம் தென்பட்டது. அவர்களில் 36 பேருக்கு அதற்குமுன் அப்படியொரு நோய் இருப்பதாகவே தெரியாது. ஆகவே மூச்சுத் திணறும் மாணவருக்கு 'தம் போதவில்லை' என்று பயிற்சியாளர் முடிவுகட்டுவது அவசரமே. குரல்வளைச் சுருக்கமும் இதேபோல் தோன்றக்கூடும் என்பதால், சோதிக்காமல் இன்ஹேலர் கொடுப்பதும் அவசரமே. 6 முதல் 8 நிமிடங்கள் கடுமையாக ஓடச்செய்து, முதல் நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு குறைந்தது 10 விழுக்காடு சரிகிறதா என்று ஸ்பைரோமெட்ரி கருவியால் அளப்பதே முறையாகும்.

படிப்படியாக உடலைச் சூடேற்றுவதும், மருத்துவர் பரிந்துரைத்தால் ஓட்டத்துக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சுவதும் பலருக்குப் போதும். அம்மருந்து நாள்தோறும் தேவைப்பட்டால், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டியிருக்கும். போட்டிகளில் பங்கேற்போர் ஊக்கமருந்து விதிகளையும் கவனிக்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ரிக் டிமாண்ட் என்ற 16 வயது அமெரிக்க நீச்சல் வீரர், ஆஸ்துமா மருந்தில் இருந்த, தடைசெய்யப்பட்ட எபெட்ரினால் தங்கப் பதக்கத்தை இழந்தார். உறிஞ்சும் சால்பியூட்டமாலை ஊக்கமருந்து விதிகள் இன்று குறிப்பிட்ட அளவுவரை அனுமதிக்கின்றன. அதையே மாத்திரையாக விழுங்குவதும், நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் கலந்துள்ள டெர்பியூட்டலினும் தடைசெய்யப்பட்டவை.